உள்ளங்கைக் கேரட்

மனித குலத்தின் குடலுக்கே வழிகாட்டிய பெருமை ஜப்பானில் எங்கள் கசானே நகராட்சி அலுவலகத்தைச் சேரும். மாகாணம் ஒரு கருவி அனுப்பியிருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தால், தோலில் காய்கறியின் மஞ்சள் நிறச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண் காட்டும். மூன்று மாதத்தில் எந்த ஊர் ஊழியர்களின் எண் அதிகம் ஏறுகிறதோ, அந்த ஊருக்குப் பட்டயம்.

நலவாழ்வுப் பிரிவுத் தலைவர் குவாபாரா உடனே எண்ணெயை 'மக்கள் விரோதி' என அறிவித்தார். காலை உடற்பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு பச்சைக் கேரட். தலைவர் தின்று முடிக்கும்வரை எழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் எழவும் இல்லை.

அலுவலக உணவகச் சமையல்காரி இட்சுகோ அக்கா மட்டும் வாய் திறந்தார்.

"ஆரஞ்சுப் பழத்து மஞ்சள் லேசுல உடம்புல ஒட்டிக்கும் சார். கேரட்டோடது அழுத்தக்காரன். வேகவெச்சு, கொஞ்சம் எண்ணெய் காட்டினாத்தான் ரத்தத்துக்குள்ள போவான். பச்சையா தின்னா பெரும்பாலும் போனபடியே வெளிய வந்துடுவான்."

"இது எந்தக் குழுவோட அறிக்கை?"

"குழு இல்ல சார். சமையல் உரிமத்துக்குப் படிச்சது."

படிப்பு கோப்பில் ஏறுமா? அக்காவின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. பச்சைக் கேரட்டால் எண் ஏறினால் அக்கா தேவையில்லை, ஏறாவிட்டால் தொடரலாம் என்று தலைவர் 'பெருந்தன்மையோடு' தீர்ப்பளித்தார்.

ஒரு மாதமாகியும் எண் அசையவில்லை. எனக்கோ நாக்கு செத்துப்போயிருந்தது. 'தீயணைப்புக் கருவிச் சோதனை' என்று பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு உணவகப் பின்வாசலுக்குப் போனேன். அக்கா தன் சாப்பாட்டுக்குக் கேரட்டையும் வெங்காயத்தையும் மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தார். பாவம், என் முகத்தைப் பார்த்துச் சூடாக ஒன்று நீட்டினார்.

"தின்னுங்க தம்பி. ஆனா எண் ஏறுச்சுன்னா, எதுனாலன்னு சொல்லிடணும்."

சத்தியம் செய்தேன். மறுநாள் போனால், அங்கே வாயில் பாதிப் பொரிப்போடு குவாபாரா. இருவரும் குனிந்து வணங்கி, இந்த வருடம் பிளம் சீக்கிரமே பூத்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். அவரும் அதே சத்தியத்தைச் செய்திருந்தாராம். போகப்போகத்தான் தெரிந்தது, அலுவலகத்தில் நாற்பது பேருக்கும் தீயணைப்புக் கருவி மேல் அவ்வளவு அக்கறை.

மார்ச்சில் எங்கள் கைகள் ஜொலித்தன. முதல் பரிசு! 'வெற்றிக்குக் காரணம் பச்சைக் கேரட்டே, எண்ணெய்க்குப் பங்கில்லை, சமையல்காரி தேவையில்லை' என்ற அறிக்கை மேசை மேசையாக வந்தது. எனக்கு முன்னால் எல்லோரும் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். நான் மட்டும் விட்டால் தாளில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், பார்க்க நன்றாகவா இருக்கும்? குத்தினேன். கடைசியாகத் தலைவரும் குத்தினார்.

ஏப்ரலில் அக்கா அலுவலகத்துக்கு எதிரிலேயே கடை போட்டார். பொரிக்கும் மணம் மூன்றாம் மாடிவரை வந்தது. மதிய மணி அடித்ததும் நாற்பது பேரும் வெட்கமில்லாமல் வரிசையில் நின்றோம், தலைவர் முதலில். அக்கா பணிவாக வணங்கி ஆளுக்கொரு தட்டு வைத்தார். தட்டில் ஒரு பச்சைக் கேரட், தோலோடு.

"பொரிச்சது இல்லையா?" தலைவர் அடுப்பை எட்டிப் பார்த்தார்.

அக்கா சுவரைக் காட்டினார். நகர அறிவிப்பேட்டில் வெளியான எங்கள் அறிக்கை, நாற்பது முத்திரைகளோடு, சட்டம் போட்டுத் தொங்கியது.

"பொரிச்சது முத்திரை குத்தாதவங்களுக்கு சார்."