பாலிசேடுக்கு ஒரு தமிழ்ச் சொல்

"இன்னைக்காவது அந்த வார்த்தை வருமா சார்?" என்று அச்சுக்கூடத்து வாசலிலேயே கேட்டான் எழுத்துக் கோக்கும் கோவர்த்தனன்.

ஸௌரிராஜனுக்குச் சுருக்கென்றது. திருப்பதியில் தமிழ் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே, பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலத் தமிழ் அகராதியை ஒற்றை ஆளாக எழுதி முடித்தவர் அவர். புத்தகம் முழுக்க அச்சாகிவிட்டது. 'பாலிசேட்' என்கிற ஒரு வார்த்தைக்குத் தமிழ் கிடைக்காததால் ஒரே ஒரு பக்கம் மட்டும், அந்தச் சொல்லுக்கு இடைவெளி விட்டு, ஈய எழுத்துகளைக் கோத்துக் கட்டிய கட்டோடு ஒரு மாதமாக மேஜைமேல் கிடந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் நெருங்கிவிட்டது.

"வேலின்னு போட்டுடலாமே சார்."

"வேலின்னா எல்லாத்துக்கும் பொது. இது கழிகளைக் கூராச் சீவி, நெருக்கமா நட்டு, எதிராளியை உள்ளே விடாம பண்றது."

"அப்போ அரண்?"

"கல்லுச் சுவரும் அரண்தான், காடும் அரண்தான்."

"படல்?"

"அது ஓலையும் மூங்கிலும் வச்சுப் பின்னறது. அதைக் கண்டு எந்தப் படைப்பா திரும்பிப் போகும்?"

"நீங்களே ஒண்ணு கட்டிச் சொல்லுங்களேன் சார். தமிழ் வாத்தியார்தானே."

ஸௌரிராஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. 'இந்நூலில் ஒரு சொல்லும் நான் புனைந்ததன்று. யாவும் மக்கள் வாயில் வழங்குபவை' என்று முன்னுரையில் அடித்துச் சொல்லியிருந்தார். அந்த வரிதான் அவருடைய மானம், மரியாதை எல்லாம். "முன்னுரையை அச்சடிச்சதே நீதானே. அதைப் படிக்கலையா?" என்றார்.

கோவர்த்தனன் தலையைச் சொறிந்தான். "எங்க விஜயபுரத்துல காட்டுப்பன்னிக்கு அந்த மாதிரிதான் நடுவாங்க சார். ஞாயித்துக்கிழமை போயி ஆதிநாராயணன் கொல்லை எதுன்னு கேளுங்க. அவங்க இன்னா சொல்றாங்களோ அதைப் போட்டு முடிச்சுடலாம்."

ஸௌரிராஜன் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். ஆதிநாராயணனின் வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்ததும் அவருக்குப் புல்லரித்தது. இடுப்புயரக் கழிகள், நுனி கூராக, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அசல் பாலிசேட். ஆதிநாராயணனும் அவன் மனைவி செங்கம்மாவும் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு என்ன பேருப்பா?" என்றார் ஆவலாக.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எல்லைக்கோடு எங்கே விழும் என்று இரண்டு பக்கமும் வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. எந்த ஊரில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று விசாரிக்க அடிக்கடி யாராவது வந்துகொண்டிருந்தார்கள். சலவைச் சட்டைக்காரர் எதற்காவது பேர் கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்லவேண்டும் என்று ஆதிநாராயணன் கற்றுவைத்திருந்தான்.

"எந்த பாஷையில வேணும் சாமி? தெலுங்குல கஞ்ச. அரவத்துல, அதான் தமிழ்ல, வேலி. எது எழுதிக்கிறீங்களோ எழுதிக்குங்க."

"அதுக்குப் பேரு வந்து சாமி..." என்று எழுந்தாள் செங்கம்மா.

"நீ சும்மா இரு," என்றான் ஆதிநாராயணன்.

"நான் எல்லை விஷயமா வரலை. எனக்கு இந்தக் கழியைப் பத்தித்தான் தெரியணும்."

ஆதிநாராயணனுக்கு வியர்த்தது. கழிகள் மலைக்காட்டில் வெட்டியவை. அப்படியானால் இவர் காட்டிலாகா. "நேத்து எவனோ நட்டுட்டுப் பூட்டான் சாமி. இதோ புடுங்கிடறேன்," என்று ஒரு கழியைப் பிடித்து ஆட்டத் தொடங்கினான்.

"ஐயோ, பிடுங்காதே. எதிராளி வந்தா இதை வச்சு எப்படித் தடுப்பே? அதைச் சொல்லு."

எதிராளி என்றதும் பக்கத்துக் கொல்லைக்காரனோடு போன மாதம் நடந்த கைகலப்பு அவன் நினைவுக்கு வந்தது. இவர் காட்டிலாகாவே இல்லை, போலீஸ். "எனக்கு எதிராளியே கிடையாது சாமி," என்று இன்னும் வேகமாகப் பிடுங்கினான்.

"அதுக்குப் பேரு..." என்றாள் செங்கம்மா.

"உன்னைய சும்மா இருன்னேன்ல."

தேடி வந்த பொருளே கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்தது. ஸௌரிராஜன் ஓடிப்போய் ஒரு கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, கழியோடு இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் பக்கத்துக் கழிகளும் சாய்ந்து ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி ஏற்பட்டது. சாலையில் போய்க்கொண்டிருந்த ஆட்டு மந்தை அதற்காகவே காத்திருந்த மாதிரி உள்ளே புகுந்தது.

"ஆடு பூந்துகினு கீது, பாத்துக்கினு படுத்துகினு கீறியே," என்று கத்தினாள் செங்கம்மா. "அந்தக் காவக்கழிய எடுத்து நடுய்யா."

ஸௌரிராஜனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் முதலில் ஆட்டை விரட்டினார். வேஷ்டி கிழிய, மண்ணில் புரண்டு, கழிகளை நடவும் கைகொடுத்தார். எல்லாம் முடிந்தபிறகு மூச்சு வாங்கக் கேட்டார்.

"என்னம்மா சொன்னே? இன்னொரு தரம் சொல்லு."

"காவக்கழி சாமி," என்றாள் அவள், பாரம் இறக்கினவள் மாதிரி.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றதா?"

"எல்லாரும் சாமி," என்று முந்திக்கொண்டு பதில் சொன்னான் ஆதிநாராயணன். அப்போது அவன் எதற்கும் ஆமாம் சொல்லியிருப்பான்.

காவல் கழி. காவற்கழி. பஸ்ஸில் திரும்பும்போது ஸௌரிராஜன் அதை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாரோ தெரியாது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டாலும் செய்ய முடியாத ஒரு சொல்லை, ஆட்டை விரட்டுகிற அவசரத்தில் ஒரு பெண்பிள்ளை சாதாரணமாகச் சொல்லிவிட்டாளே என்று உருகினார்.

மறுநாள் அச்சுக்கூடத்தில் கோவர்த்தனன் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து இடைவெளியில் பொருத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பாத்தியா கோவர்த்தனா, மக்கள் வாயிலேந்து வந்த சொல்லுன்னா இதான். நீ என்னைக் கட்டிச் சொல்லச் சொன்னியே."

"ஆமா சார். மையைத் தடவிடட்டுமா?"

"கொஞ்சம் இரு. காவற்கழின்னா ஒத்தைக் கழிதானே ஆறது? அது வரிசையா நிக்கணுமே. 'காவற்கழி வேலி'ன்னே போட்டுடு."

கோவர்த்தனன் மைக் கட்டையைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் ஒரு மாதச் சலிப்பு தெரிந்தது.

"அஞ்சு எழுத்துக்கு மேல அங்க எடமில்ல சார். அதை எண்ணிப் பாத்துத்தானே என் தங்கச்சி செங்கம்மாவுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்."