கடைவாய்ப் பல்லும் நிலாவும்

"நிலாவுல தண்ணி இருக்காம் தண்ணி! இருந்துட்டுப் போகட்டுமே மேடம். நம்ம வீட்டுக் குழாய்ல வருதா, அதச் சொல்லுங்க."

மேடம் பதில் சொல்லும் நிலையில் இல்லை. வாயின் இரண்டு பக்கமும் பஞ்சு, ஓரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய், ஊசி போட்டதில் கீழ்த்தாடையில் பாதி மரத்துப் போயிருந்தது. நாற்காலியில் மல்லாந்து, விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பேசிக்கொண்டிருந்த பல் மருத்துவருக்குத் தெருவில் 'வாய் டாக்டர்' என்று பெயர். பல்லைப் பார்ப்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

விஞ்ஞானத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத துறையே கிடையாது. காலையில் காபி ஆறுவதற்குள் செய்தியில் பாதியைப் படிப்பார். மீதியை அன்றைய நோயாளிகளின் வாயில் கையை விட்டபடி அவரே இட்டு நிரப்பிவிடுவார். எதிர்த்துப் பேச ஆளில்லாத தொழில். வந்து உட்கார்ந்தவர் என்ன ஏது என்று ஆரம்பிப்பதற்குள், "எல்லாம் நான் பாத்துக்கறேன், வாயத் திறங்க" என்றுவிடுவார். இன்றைக்கும் அதே கதைதான்.

"கம்ப்யூட்டரை எடுத்துக்குங்க. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுதாம். நேத்து சும்மா சோதிச்சுப் பாத்தேன். பல்லு வலிக்குதுன்னு போட்டேன். நல்ல பல் டாக்டரா போய்ப் பாருங்கன்னு எனக்கே சொல்லுது! இன்னொரு கூட்டம், பல்லு திரும்ப முளைக்க மருந்து கண்டுபிடிக்குதாம். முளைச்சிட்டா நான் எங்க போறது?"

"ஆ..." என்றார் மேடம்.

"அதத்தான் நானும் கேக்கறேன். ஆனா இந்த ராக்கெட் விடறவங்க இருக்காங்களே, அவங்களை மட்டும் என்னால மன்னிக்கவே முடியாது."

விண்வெளி என்றால் மட்டும் அவர் குரல் ஒரு படி ஏறிவிடும். அதற்குக் காரணம் மாடியில், அவர் வீட்டில் இருந்தது. ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும், தொலைதூர நகரம் ஒன்றில் விண்வெளி இயற்பியல் படிக்க இடம் வாங்கிவிட்டாள். அப்பாவோ, "பல் மருத்துவம் படி, இந்த நாற்காலி உனக்குத்தான்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அன்று முதல் இருவருக்கும் நேரடிப் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் போகும். சேருகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும்.

உதவியாளர் பெண் தட்டை வைக்க இடம் பண்ணுவதற்காக மேடத்தின் கைப்பையை நகர்த்தினாள். பையோடு தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் காதருகே வந்தாள்.

"சார், கொஞ்சம் அடக்கி வாசிங்க. மேடம் விண்வெளி ஆராய்ச்சி மையமாம்."

டாக்டர் கையில் இருந்த சின்னக் கண்ணாடியை மேடத்தின் வாயிலிருந்து மெல்ல வெளியே எடுத்தார்.

வீட்டில் எப்படியோ, நாற்காலியில் உட்கார்ந்தவர் மனம் நோகக்கூடாது என்பதில் அவர் கெட்டிக்காரர். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் சொன்னது வந்து... வேற ஆளுங்க விடற ராக்கெட்டை மேடம். உங்க ராக்கெட்டே தனி. அது போற அழகு என்ன, திரும்பற நளினம் என்ன!"

"ஆ... ஆ..." மேடம் தலையை ஆட்டினார். முகத்தில் கோபமா வலியா என்று தெரியவில்லை. கோபம்தான் என்று டாக்டர் முடிவு செய்தார்.

"தண்ணியைப் பத்திச் சொன்னது கூட ஒரு ஆதங்கத்துலதான். நீங்க மனசு வெச்சா அங்கிருந்தே குழாய் போட்டுடலாம்."

உதவியாளர் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதற்றத்தில் டாக்டர் பல் பிடுங்கும் குறடை எடுத்து வாய்க்குள் விட்டார். மேடம் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை ஒரு நூல் அளவு பின்னால் தள்ளி, குறடைச் சரியாகச் சொத்தைப் பல்லின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். அதுவரை அது பக்கத்தில் இருந்த நல்ல பல்லின் மேல் இருந்தது.

டாக்டருக்கு வேர்த்துவிட்டது.

"பாத்தியாம்மா? கண்ணாடி இல்ல, ஒண்ணும் இல்ல, படுத்த வாக்குல குறி வைக்கறாங்க!" என்றார் உதவியாளரிடம். "இவங்க கைக்கு நிலால ராக்கெட்டை இறக்கறது எந்த மூலைக்கு!"

புகழ்ச்சி போதவில்லை என்று அவருக்கே பட்டது. நல்ல பல்லைப் பிடுங்கப் பார்த்த குற்றம் வேறு சேர்ந்துவிட்டது. இன்னும் கனமாக ஏதாவது வைத்தாக வேண்டும். யோசிக்காமல் வாயில் வந்ததை எடுத்து வைத்தார்.

"இவ்வளவு ஏன் மேடம், என் பொண்ணே விண்வெளிதான் படிக்கப் போறா! நான்தான் போம்மா, தைரியமாப் போய்ப் படின்னு அனுப்பறேன்!"

வரவேற்பறையில் பேர் பதிந்துகொண்டிருந்த அவர் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னங்க சொன்னீங்க?"

டாக்டர் மனைவியைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தார். கண்ணில் தூசி என்று மனைவி எடுத்துக்கொண்டார்.

"அனுப்பறேன்னுதானே சொன்னீங்க? என் காதால கேட்டேன்!"

மேடம் மல்லாந்தபடியே டாக்டரைப் பார்த்தார். குழாய் சர்ரென்று உறிஞ்சியது.

"ஆ... ஆமா. அனுப்பறேன்னுதான் சொன்னேன்."

மனைவி படியேறிப் போன சத்தமும், மகள் படியிறங்கி ஓடிவந்த சத்தமும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டன. உள்ளே வந்தவள் அப்பாவைக் குறடோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"நிஜமாவாப்பா?"

"விடும்மா, குத்திடப் போகுது."

"சேர்றேன்னு காலேஜுக்கு அனுப்பிட்டேம்ப்பா! படி இறங்கும்போதே அனுப்பிட்டேன்!"

மேடம் போனதும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று விளக்கிவிடலாம் என்று டாக்டர் நினைத்திருந்தார். இப்போது அந்த வழியும் அடைபட்டது.

"அப்போ இந்த நாற்காலி?" என்று மெல்லக் கேட்டாள் மகள்.

மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அட போம்மா. பல் புடுங்கறது ஒரு வேலையா? குறடைக் குடுத்தா யார் வேணா இழுத்துடலாம். இதுல மூளைக்கு என்ன வேலை இருக்கு?"

கதவு திறந்தே இருந்தது. வெளியே கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் எழுந்தார். "யார் வேணா இழுக்கலாம்னா எங்க மெக்கானிக்கிட்டயே போயிடறேன்" என்று போய்விட்டார். அடுத்தவர் யோசனையில் ஆழ்ந்தார்.

மேடத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று டாக்டர் நினைத்தார்.

"இப்போ முடிஞ்சிடும் மேடம், பொறுத்துக்குங்க" என்று குறடைப் பிடித்து ஒரு அசை அசைத்தார். எத்தனை வாய் பேசினாலும் கை சுத்தமான கை. பல் வேரோடு வந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

மகள் நாற்காலியின் பக்கத்திலேயே நின்றுகொண்டு மேடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தைப் பார்த்துப் பல நாள் ஆகிவிட்டது என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கையுறையைக் கழற்றினார். சமாளிப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. மனதில் இருந்தது தானாக வந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. ராக்கெட் மேல எனக்கு என்ன கோபம்? அது எங்கயோ போவுது, வருது. இவ போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடுமேன்னுதான். ராத்திரி பகலா வானத்தைப் பாக்கற புள்ள, கீழ இருக்கற எங்களைப் பாக்க வருமா?"

"வாராவாரம் போன் பண்ணுவேம்ப்பா" என்றாள் மகள்.

"எனக்கா, உங்கம்மாவுக்கா?"

"உங்களுக்குத்தான். புதுசா என்ன கண்டுபிடிச்சாங்கன்னு நான் சொல்றேன். உங்க அபிப்பிராயத்தை நீங்க சொல்லுங்க."

"நீ எதிர்த்துப் பேசுவியே?"

"பேசுவேன்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். இதுவரை தன்னிடம் யாரும் பதிலுக்குப் பேசியதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாகக்கூட இருந்தது.

"சரி, பேசு" என்றார். இந்த முறை மேடம் பக்கம் திரும்பாமல், மகளைப் பார்த்தே சொன்னார். மகளின் பின்னால் வந்து நின்றிருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது அவர் கண்ணில்தான் தூசி.

மேடம் எழுந்து உட்கார்ந்தார். வாயைக் கொப்பளித்தார். பிடுங்கிய பல்லைத் தட்டிலிருந்து எடுத்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையசைத்தார்.

மகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மேடம், ராக்கெட்ல நீங்க எந்தப் பகுதியைப் பாத்துக்கறீங்க?"

மேடம் மரத்த உதட்டை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தார்.

"ராக்கெட்டா? அதப்பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நான் அங்க பல் டாக்டர், என் பல்லை நானே புடுங்கிக்க முடியாதேன்னு வந்தேன்."