உருளைக்கிழங்கு முளை களைந்த படலம்

இனியொரு பிறவி வேண்டாம் என்று நாள்தோறும் இறைவனிடம் விண்ணப்பித்துக்கொள்பவன் நான். அந்த வரம் எனக்குக் கிடைக்குமா என்பது அவன் திருவுளம். ஆனால் எட்டு மூட்டை உருளைக்கிழங்குகளுக்கு, அவை கேளாமலே, அதே வரத்தை என் கையால் அருளியிருக்கிறேன். எழுபதுகளின் பிற்பகுதியில், சங்கரன்கோவிலில், பட்டப்பகலில், நாதஸ்வர இசையுடன் நடந்த செய்தி அது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காய்கறி விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவிக்கு என்னிடமிருந்த ஒரே தகுதி, சங்கத் தலைவர் வீட்டுத் திருமணத்தில் பதினொரு பாட்டுள்ள பதிகமொன்றை ஏடு பாராமல் பாடியது. (“இம்புட்டு மனப்பாடம் பண்ணுதவன் வெவசாயத்தையும் மனப்பாடம் பண்ணிருவான்” என்று தலைவர் நம்பினார். மனிதர் வெள்ளந்தி.) உருளைக்கிழங்கு, ஓட்டல் பூரிக்குத் துணையாக மஞ்சள் நிறத்தில் வரும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் அது ‘இங்கிலீஷ் காய்’. படையலுக்கு ஆகாது, திதிக்கு ஆகாது. ஆகவே அடுக்களைக்கே ஆகாது.

அப்படிப்பட்டவனை நம்பித்தான் வடக்கும் தெற்கும் கைகோத்துக்கொண்டு ஒரு பொறுப்பை ஒப்படைத்தன. வடநாட்டுக் குளிர்ந்த வயல்களில் நோயற்ற விதைக்கிழங்கை விளைவிப்பார்கள். அது குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் யோகநித்திரை கொள்ளும். பிறகு ரயிலேறித் தெற்கே வரும். நீலகிரி விவசாயிகள் அதைப் பெருக்குவார்கள். ஓரிடத்தில் கருகல் நோய் கண்டால் அடுத்த ஊர்ச் சங்கத்துக்கு உடனே கடிதம் பறக்கும். ஒருவர் பயிர் அழிந்தால் இன்னொருவர் விதை கொடுத்துத் தூக்கிவிடுவார். இத்தனை பேர் பிடித்திழுத்த தேர் அது. அதன் சக்கரத்தடியில் கட்டை போடும் திருப்பணி எனக்கு வாய்த்தது.

மலையடிவாரத்தில், கார்த்திகை மார்கழிக் குளிரில், உருளைக்கிழங்கு விளையுமா என்று பார்ப்பது திட்டம். வாசுதேவநல்லூர் ஞானமுத்து அண்ணாச்சி தம் நிலத்தில் ஓர் ஏக்கரை இதற்கென்றே விட்டார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் முன்வரிசையில் அமர்கிறவர். வழக்கமாகப் போடும் மிளகாயைப் போடாமல், நான்கு உழவு உழுது, மண்ணை வரிவரியாக அணைத்துப் பார் பிடித்துக் காத்திருந்தார். கார்த்திகை முடியுமுன் நட்டால்தான் குளிர் கிடைக்கும். தவறினால் அந்தப் பருவத்தில் அவருக்கு மிளகாயும் இல்லை, கிழங்கும் இல்லை.

விதை மூட்டைகள் சங்கரன்கோவில் கிடங்குக்கு வந்தன. கூடவே இரண்டு பக்கச் சுற்றறிக்கையும் வந்தது. முதல் பக்கம்: ‘கிழங்குகளை வெளிச்சம் படும்படி பரப்பிவைக்கவும். கெட்டவற்றை அகற்றவும்.’ அப்படியே செய்தேன். இரண்டாம் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. அதன் பின்புறம் வெறுமையாக, வழவழப்பாக இருந்தது. விதை வழங்கும் விழாவுக்கு வரவிருந்த அதிகாரியை வாழ்த்தி அதில் ஒரு வரவேற்புப் பதிகம் எழுதத் தொடங்கிவிட்டேன். (எதுகை ஓடிவந்தால் எனக்கு ஊர் உலகம் தெரியாது.)

விழாவுக்கு முந்தைய நாள் காலை கிடங்கைத் திறந்தவன் திடுக்கிட்டேன். கிழங்குகள் தோல் சுருங்கி, உச்சியில் ஆளுக்கொரு கொப்புளமாக எதையோ தள்ளிக்கொண்டு கிடந்தன. கெட்டுவிட்டன! அதிகாரி வந்து பார்த்தால் சங்கத்தின் மானம் என்ன ஆவது? உடனே ஐந்து பெண்களை அழைத்து, அந்தக் கொப்புளங்களை ஒன்றுவிடாமல் கிள்ளியெறிந்து, கிழங்குகளைக் குளிப்பாட்டச் சொன்னேன்.

அவர்களில் மூத்தவள் பேச்சியம்மாள் கிழங்கைக் கையில் எடுத்தாள், கிள்ளவில்லை.

“ஐயா, முளையக் கிள்ளிப்புட்டு என்னத்தய்யா நடப்போறிய? சேப்பங்கிழங்க நாங்க முளையோடல்லா ஊனுவோம்.”

“இது சேம்பு இல்லம்மா. வடநாட்டுக் கெழங்கு. நமக்குத் தெரியாததுல தலையிடக் கூடாது.”

“தெரியாதவுக தலையிடக் கூடாதுன்னா இங்கன ஒருத்தரும் நிக்க முடியாதே” என்று அடுத்தவளிடம் சொல்லிக்கொண்டே கிள்ளத் தொடங்கினாள்.

மாலைக்குள் எட்டு மூட்டையும் வழவழவென்று ஆயின. புதுக்கூடைகளில் அடுக்கி, மஞ்சள் பட்டுத்துணி போர்த்தி, மல்லிகைச் சரம் சுற்றினேன். அலங்காரம் முடிந்த உற்சவமூர்த்தியைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தேன். கண்கூடக் கலங்கியது.

மறுநாள் காலை நாதஸ்வரம் முழங்க, உதகையிலிருந்து விதை அதிகாரி வந்திறங்கினார். கழுத்தில் மப்ளர். எங்கள் ஊரில் கால் வைத்த மறுநொடி அதைக் கழற்றினார். வாசுதேவநல்லூரிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் விவசாயிகள் புதுப்பயிரின் விதையைப் பார்க்க வந்திருந்தார்கள். ஞானமுத்து அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை போல முன்னால் நின்றார்.

நான் பதிகத்தைத் தொடங்கினேன். அதிகாரி கைகூப்பி நின்றார். ஐந்தாம் பாட்டில் கையை இறக்கினார். ஏழாம் பாட்டில் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏ தம்பி, சுருக்கா முடியும். நீரு பாடி முடிக்கதுக்குள்ள கெழங்கு இங்கனயே வேர் விட்டுரப் போவுது” என்றார் அண்ணாச்சி. கூட்டம் சிரித்தது. (வேர் விடாது என்பதற்கான முழு ஏற்பாட்டையும் முந்தைய நாளே செய்துவிட்டேன் என்பதை அவரும் அறியார், நானும் அறியேன்.)

பதினோராம் பாட்டு முடிந்தது. அதிகாரி பட்டுத்துணியை விலக்கினார். ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அடுத்த கூடைக்குப் போனார்.

“முளை எங்கே?”

“ஒண்ணுகூட இல்லை சார். எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சு” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“எடுத்தாச்சா?”

“கழுவியும் வெச்சாச்சு சார்.”

நாதஸ்வரக்காரர் நிலைமை புரியாமல் மங்கலமாக ஒன்றை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. ஒரு வகை வியப்பு. “சுற்றறிக்கை வரலையா உங்களுக்கு?” என்றார்.

வந்ததற்குச் சான்று என் கையிலேயே இருந்தது. பதிகம் எழுதிய தாளை நீட்டினேன். அவர் அதைத் திருப்பி, அனைவரும் கேட்க வாசித்தார்: “‘முளையே விதையின் உயிர். ஒரு முளையும் ஒடியாமல் பார்த்துக்கொள்ளவும். நீர் படக் கூடாது.’”

கூட்டத்தின் பின்னாலிருந்து பேச்சியம்மாள் குரல் வந்தது: “நான் சேம்புன்னு சொன்னா கேட்டாவளா!”

ஞானமுத்து அண்ணாச்சி சிரிக்கவில்லை. “என் வெள்ளாமை போச்சா, சார்?” என்று மட்டும் கேட்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் குரல் என் செவியில் இருக்கிறது.

அதிகாரி நேரே தபால் நிலையத்துக்குச் சென்று, நீலகிரிச் சங்கத்துக்கு டிரங்கால் பதிவு செய்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்து இணைப்புக் கிடைத்ததும், நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் எழுந்த சிரிப்பு வெளிவாசலில் ஒதுங்கி நின்ற எனக்கே கேட்டது. ஆனால் ஐந்தாம் நாள் லாரி வந்துவிட்டது! கண்ணால் கண்டிராத ஓர் ஊர்க்காரனுக்காக, அந்த மலை விவசாயிகள் தத்தம் விதையிலிருந்து ஆளுக்கொரு கூடை எடுத்து, வைக்கோல் பரப்பி, முளை ஒடியாமல் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு கூடையிலும் கொடுத்தவர் பெயரெழுதிய சீட்டு இருந்தது. ஒரு சீட்டில் மட்டும் பெயருக்குக் கீழே பென்சிலால், ‘செயலாளர் கவனத்துக்கு: தொடாதீர்கள்’.

கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கையில் அண்ணாச்சி நட்டு முடித்தார். நான் வரப்பில்தான் நின்றேன். கிழங்குகளுக்குப் பத்தடி இப்பால் நிற்குமாறு உத்தரவு.

என் அருள்பெற்ற கிழங்குகளில் ஈரம் வாங்கிய இரண்டு மூட்டை அழுகிப்போயிற்று. மீதியைக் குழிதோண்டிப் புதைக்கலாம் என்றேன். “நீரு பண்ணுன புண்ணியம் போதும்” என்று அண்ணாச்சி அவற்றைத் தம் கொட்டகைக்குக் கொண்டுபோய் நிழலில் பரப்பினார். பன்னிரண்டாம் நாள் சைக்கிளில் சங்கத்துக்கே வந்து, மடியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து மேசைமேல் வைத்தார். உச்சியில் இருந்த ஒரு முளையை நான் பறித்ததற்கு, பக்கத்து முளைக்கண்களெல்லாம் விழித்துக்கொண்டு நாலு முளை விட்டிருந்தன. அவற்றை வயலோரம் ஒரு பாத்தியில் நட்டார். ‘மொட்டைப் பாத்தி’ என்று பெயர் நிலைத்தது. மாசி அறுவடையில் பெரும்பாத்திகள் கைக்கடங்காத கிழங்கு தந்தன. மொட்டைப் பாத்தி நெல்லிக்காயளவில் கொத்துக் கொத்தாகத் தந்தது. அதில் ஒரு கூடை என் வீட்டுக்கு வந்தது. எங்கள் அடுக்களையில் இங்கிலீஷ் காய் நுழைந்தது அன்றுதான்.

சில ஆண்டுகள் கழித்து என் மகளுக்குக் கோயிலில் முடியிறக்கினோம். சுருள் சுருளான கூந்தல் தரையில் விழ விழ என் மனைவி கண்ணைக் கசக்கினாள். குழந்தைக்குத் தங்கக் கம்மலோடு வந்திருந்த ஞானமுத்து அண்ணாச்சி, சுற்றம் முழுதும் கேட்கச் சொன்னார்: “ஏன் தாயி அழுதிய? ஒம் மாப்பிள மொட்டையடிச்ச கெழங்கே ஒண்ணுக்கு நாலா முளைச்சிது. கர்த்தர் படைச்ச முடி முளைக்காதா?”

நாவிதர் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அவர் வாக்குப் பலித்தது. இன்று என் மகளுக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். எனக்குத்தான் நெற்றியில் தொடங்கிய வழுக்கை பிடரிவரை போய்விட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் என் தலைக்கு எண்ணெய் வைத்தபடியே பேரப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து இந்தக் கதையைச் சொல்வாள். முடிக்கும்போது என் உச்சந்தலையைத் தட்டி, “எட்டு மூட்டைக்கும் சேத்து சாமி இங்கன வசூல் பண்ணிட்டாவ” என்பாள். நான் மறுப்பதில்லை. பிறவாமை கேட்டு இத்தனை ஆண்டுகளாகப் பாடியதில், வரம் தலைமுடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.