உலகத்தில் இல்லாத ரோட்டார்

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடச் சகலைக்குத் தாரை வார்ப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

என் சகலை பல் டாக்டர். அவர் வீட்டில் சாப்பிட வாயைத் திறந்தால் டார்ச் அடிப்பார். "கடைவாய்ல ஒண்ணு ஆடுதே தம்பி" என்பார். ஆடுவது பல்லா, நானா என்று எனக்கே தெரியாது. ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் வீடு. போக ஒரே வழி மாமனார் விட்டுப்போன பழைய கார். அதற்கு என்னைவிட வயது அதிகம். வீட்டில் மரியாதையும் அதிகம்.

ஆகவே ஒரு சனிக்கிழமை பானெட்டைத் தூக்கி, ரோட்டாரைக் கழற்றிவிட்டேன். கட்டைவிரல் அளவுத் துண்டுதான். சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் பரிமாறுகிற ஆள். பரிமாற ஆள் இல்லையென்றால் கார் வெறும் சோபா.

எங்கே ஒளிப்பது? நானே தொடாத பெட்டி ஒன்று வீட்டில் உண்டு. என் உடற்பயிற்சிச் சாமான் பெட்டி. டம்பெல்லுக்கு அடியில் வைத்தேன். கைரேகை தெரியக்கூடாதே என்று பெட்டியை நன்றாகத் துடைத்தும் வைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பொறாமையாக இருந்தது.

மறுநாள் காலை.

"என்னங்க, வண்டி கிளம்பலையா?"

"ரோட்டார் உடைஞ்சு தூளாயிடுச்சும்மா."

"புதுசு வாங்கிட்டு வாங்க."

"எங்க வாங்கறது? செஞ்ச கம்பெனியையே இழுத்துப் பூட்டிட்டாங்க. அந்தப் பூட்டுக்கே இப்ப ஸ்பேர் கிடைக்காது."

"தேடித்தான் பாருங்களேன்."

தேடினேன். ஞாயிறுதோறும் பழைய சாமான் கடைத்தெருவுக்கு என்று கிளம்பி, நண்பன் வீட்டில் குப்புறப் படுத்துத் தேடினேன். திரும்பும்போது கையில் கொஞ்சம் கிரீஸ் பூசிக்கொள்வேன்.

"பாவம், அலைஞ்சு கன்னமெல்லாம் கோடு கோடா இருக்கு" என்றாள் ஒரு நாள். தலையணையின் கோடு அது.

அப்புறம் கேட்டாள்: "லேத்துல குடுத்தா செஞ்சு தருவாங்களாமே?"

"மாதிரி வேணும். அதான் தூளாயிடுச்சே!"

"படம் போட்டுக் குடுங்க. நீங்கதான் படம் வரைஞ்சு மெடல் வாங்கினவராச்சே."

மெடல், கல்யாணத்துக்கு முன் நான் அளந்து விட்டது. வேறு வழியின்றி வரைந்தேன். நடுத்துளையை மட்டும் ஒரு நூல் அளவு சிறிதாகப் போட்டேன். லேத்துக்காரர் படத்தில் உள்ளபடியே கடைந்து கொடுத்தார். உள்ளே இறங்கவே இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனதுக்குள் கைதட்டினேன்.

"பாத்தியா? கையால செஞ்சா இப்படித்தான். அதுவுமில்லாம ஒண்ணு கிடைச்சாலும் பத்தாது. ஸ்பேருக்கு இன்னொண்ணு இல்லாம இந்த வண்டியை அவ்வளவு தூரம் எடுக்கவே கூடாது. அது என் கொள்கை."

"ஓ, ரெண்டு வேணுமா?" என்றாள் பவ்யமாக.

அந்தப் பவ்யத்தைக் கண்டாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். மெத்தனமாக இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை, நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பரைப் பிரித்தேன். வாசலில் ஏதோ இடி இடித்தது. ஓடினேன். கார் உறுமிக்கொண்டிருந்தது. மனைவி பானெட்டைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்தது நிஜ கிரீஸ்.

"எ... எப்படி?"

"லேத்துல மறுபடி செய்யச் சொன்னேன். நானே மாட்டிட்டேன்."

"பொய்! நான் போட்ட படத்துக்கு அது ஜென்மத்துலயும் பொருந்தாது!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"படத்தை யாருங்க குடுத்தா? மாதிரியைக் குடுத்தேன்."

"மாதிரியா?"

"மூணு வருஷமா தூசி மூடிக் கிடந்த பெட்டி திடீர்னு பளபளன்னு இருந்துச்சு. மனுஷன் உடம்பைக் கவனிக்க ஆரம்பிச்சிட்டாரேன்னு ஆசை ஆசையாத் திறந்தேன். போங்க, பழசை அதே டம்பெல்லுக்கு அடியிலதான் வச்சிருக்கேன், எடுத்துட்டு வாங்க. ஸ்பேர் இல்லாம வண்டியை எடுக்கறது உங்க கொள்கைக்கு ஆகாதே."

என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"அதை மூடாதீங்க" என்று அவளே காரின் கதவைத் திறந்துவிட்டாள். "போனதும் டாக்டர் மாமாவுக்கு வேலை மிச்சம்."