மூணு போத்தல் ஐயாவும் ரோஸ் சர்பத்தும்

இந்த மலைநாட்டில் மூக்கை வைத்து அரசாங்கச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் மூணு போத்தல் ஐயாதான். தேயிலை ருசி பார்க்கும் துரைமார் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் நாக்கை வைத்துப் பிழைப்பவர்கள். அதற்குக் கம்பனி சம்பளம் கொடுக்கிறது. தவிர, அவர்கள் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார்கள். மூணு போத்தல் ஐயா மோந்து பார்த்த எதையும் லேசில் விட்டுவிட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஹட்டன் கடைத்தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை. உத்தியோகம், சுகாதாரப் பரிசோதகர். கண்டியில் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, காக்கிக் கால்சட்டை, வெயிலிலும் மழையிலும் ஒரு குடை, தோளில் ஒரு தோல் பை. அந்தப் பைக்குள் எப்போதும் மூன்று வெறும் போத்தல்கள் இருக்கும். கடையில் விற்கும் ஒரு பண்டத்தைச் சோதனைக்கு எடுத்தால், கடைக்காரரின் கண் முன்னாலேயே அதை மூன்று பங்காக்கி, மூன்று போத்தலில் அடைத்து, அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று கொழும்புக்குப் பகுப்பாய்வுக்குப் போகும். ஒன்று அவரிடம் இருக்கும். மூன்றாவது கடைக்காரருக்கே. நாளைக்கு, "நான் வித்தது இது இல்லை" என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள்.

அவர் மெயின் வீதியில் நடந்தால் பைக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். கோயில் மணி கேட்டால் எழுந்து நிற்காத முதலாளிமார் கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து நிற்பார்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு, "மூணுமே ஒரே மூச்சிலயா?" என்று மரியாதையோடு விசாரிப்பார்கள். மனிதர் சாராயக் கடை இருக்கும் பக்கத்து நடைபாதையில்கூட நடந்ததில்லை.

மற்றப் பரிசோதகர்கள் ஈ மொய்க்கிறதா, எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இவருக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். இவருடைய கவலை வேறு. மிட்டாய்க்கடை முதலாளியிடம் அவர் நடத்திய விசாரணையை நான் கடை வாசலில் நின்று என் காதால் கேட்டேன்.

"மொதலாளி, இந்த ஒரேஞ் எசென்ஸு எண்ணெ வகைதானே?"

"ஆமாங்கய்யா."

"எண்ணெ தண்ணியில கரையாதே?"

"கரையாதுங்க."

"அப்ப எதுல கரைச்சாங்க?"

"நான் எங்கங்க கரைச்சேன்? போத்தல்லயே கரைஞ்சுதான் வருது."

"கரைக்க ஊத்தினது எங்க போச்சு?"

முதலாளி அடுப்பைக் காட்டினார். "சூடு பட்டதும் காத்தோட போயிருங்கய்யா."

"போனதுக்குச் சாட்சி யாரு?"

முதலாளி கடைக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார். கல்லாவுக்கு மேலே படத்தில் இருந்த முருகனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஐயா பையைத் திறந்தார். கிணுகிணு.

இதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி: கரைக்க ஊத்தினது எங்க போச்சு? கொஞ்சம் இடம் கொடுத்தால் விளக்கவும் செய்வார். "சாயத்தக் கரைக்க ஒண்ணு ஊத்துறான். வாசனையக் கரைக்க ஒண்ணு ஊத்துறான். விதையிலேருந்து எண்ணெய இழுக்கறதுக்கு ஒண்ணு ஊத்துறான். எல்லாரும் சாயத்தப் பாக்குறாங்க, வாசனையப் பாக்குறாங்க. கரைச்சவன யாரு பாக்குறா? வாய்க்குள்ள போயிட்டா அவனும் சாப்பாடுதான். சட்டம் அப்படித்தான் பாக்குது." இதைத் தேநீர்க் கடையில், பஸ்ஸில், ஒருமுறை சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி தன் மகள் கல்யாணத்துக்கு ஐயாவையும் அழைத்திருந்தார். பந்தியில் பாயசம் வந்தது. ஊரை அசத்த வேண்டும் என்று அதை இளஞ்சிவப்பாக்கி, ஏதோ எசென்ஸ் ஊற்றி மணக்க வைத்திருந்தார்கள். ஐயா இலையின் மேல் குனிந்து மூக்கை நீட்டினார். பிறகு எழுந்தார். கழுவிய கையோடு பெண்ணின் தகப்பனார் முன்னால் போய் நின்று, மேளக்காரர் வாசிப்பை நிறுத்தும் அளவுக்கு உரத்த குரலில் சட்ட வாசகத்தை ஒப்பித்தார்: "பெரிய கங்காணி அவர்களே, இந்தப் பாயசத்தின் ஒரு பகுதியைப் பகுப்பாய்வுக்காக எடுக்கிறேன் என்பதைத் தங்களுக்கு இதனால் அறிவிக்கிறேன்."

கங்காணி பெருந்தன்மையானவர். விஷயம் புரியவில்லை. "மூணு போத்தல் என்னாங்கய்யா, ஒரு வாளியே எடுத்துக்கங்க. வீட்டு அம்மாவுக்கும் குடுங்க" என்றார்.

ஐயா மணவறைக் குத்துவிளக்கில் அரக்கை உருக்கினார். மாப்பிள்ளை தாலி கட்டியதைப் பார்த்தவர்களைவிட, பாயசத்துக்கு முத்திரை வைத்ததைப் பார்த்தவர்கள் அதிகம். சில வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து, பாயசத்தில் குற்றம் ஏதும் இல்லை என்று பதில் வந்தது. கங்காணி அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "என் மக கல்யாணத்துப் பாயசத்துக்கு அரசாங்கமே சர்டிபிகேட் குடுத்திருக்கு. வேற எவன் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடுத்துச்சு?" என்று கேட்பார்.

நான் தோட்டத்துப் பாடசாலையில் மாஸ்டர். நாலு பேர் கூடினால் ஐயாவைப் போலப் பேசிக் காட்டுவது என் வழக்கம். துண்டைத் தோளில் பை மாதிரி மாட்டிக்கொண்டு, மூக்கை நீட்டி, "கரைக்க ஊத்தினது எங்க போச்சு?" என்பேன். என் மகள் கமலிக்கு அப்போது ஏழு வயது. அவள்தான் முதலில் விழுந்து விழுந்து சிரிப்பாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவரைக் கேலி செய்தவன். அது முதலில் பதிவாகட்டும்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் பொறுப்பு எனக்கு வந்தது. தேர் கிளம்புவதற்கு முன்னால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சர்பத் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். கடையில் ரோஸ் வாசனை என்று கேட்டேன்; ஒரு சின்னப் போத்தல் கொடுத்தார்கள். சீனிப்பாகு காய்ச்சி, சிவப்புப் போட்டு, ரோஸை ஊற்றினேன். அது கலங்க மறுத்துவிட்டது. வெறும் எண்ணெய். பாகின் மேல் சின்னச் சின்ன வட்டமாக மிதந்தது.

படிக்காத மனிதன் இந்த இடத்தில் என்ன செய்திருப்பான்? கரண்டியால் அடித்துக் கலக்கிவிட்டுப் போயிருப்பான். நான் படித்தவன். எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும் என்று ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன். பந்தலின் மூலையில், சாயங்கால ஊர்வலத்துக்கான பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பற்றவைக்க ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் இருந்தது. அதில் 'ஸ்பிரிட்' என்று சீட்டு எழுதி ஒட்டியதே நான்தான். மிச்சமிருந்த ரோஸை ஒரு கோப்பை ஸ்பிரிட்டில் ஊற்றினேன். கண்ணாடி போலக் கரைந்தது. பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

யாரும் குடித்துவிடக்கூடாது என்றே அந்த ஸ்பிரிட்டில் விஷத்தைக் கலந்து, பார்த்ததும் தெரியட்டும் என்று நீலச் சாயமும் போட்டு விற்க வேண்டும் என்பது சட்டம். கோப்பையைச் சிவப்புப் பாகில் கவிழ்த்து அந்த நீலத்தை நான் மறைத்தேன்.

பாகைப் பீப்பாவில் ஊற்றித் தண்ணீர் விளாவினோம். பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். அப்போது கிணுகிணு சத்தம் கேட்டது. திருவிழா என்றால் தண்ணீர்ப்பந்தலுக்கு ஐயா தவறாமல் வருவார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்து நான் கண்ணைச் சிமிட்டினேன்.

ஐயா பீப்பாவின் மேல் குனிந்தார். நிமிரவில்லை.

"மாஸ்டர், என்னா வாசனை?"

"ரோஸ் ஐயா."

"ரோஸ் முன்னால வருது. பின்னால வர்றது யாரு?"

"எண்ணெ கலங்கல. அதான் கொஞ்சமா…"

அவர் தலையை நிமிர்த்தினார். "கரைக்க ஊத்தினது எங்க போச்சு மாஸ்டர்?"

எத்தனையோ தடவை நான் சொல்லிச் சிரிக்கவைத்த அதே வார்த்தைகள். என் கண் தானாகப் பெட்ரோமாக்ஸ் பக்கம் போனது. அவர் கண்ணும் கூடவே போனது.

அடுத்து அவர் செய்ததை ஹட்டனில் யாரும் நம்பவில்லை. பையைத் திறக்கவில்லை. அரக்கை எடுக்கவில்லை. சட்ட வாசகத்தை ஒப்பிக்கவில்லை. குடையை எறிந்துவிட்டு, தோளைக் கொடுத்து, பீப்பாவை அப்படியே சாய்த்தார். சர்பத் சிவப்பாகத் தேயிலைக் காட்டு வடிகால் கானில் இறங்கி ஓடியது.

"யோவ், சாமி காரியத்துல வந்து கொட்டுறியே, ஒனக்குக் கண்ணு இருக்கா?" என்று யாரோ கத்தினார்கள். ஐயா காதில் வாங்கவில்லை.

"யாராச்சும் குடிச்சாங்களா?"

"இல்லீங்க. இன்னும் ஊத்தவே…" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. இனிப்புப் போதுமா பார் என்று, தண்ணீர் விளாவுவதற்கு முன்னால், பாகுச் சட்டியிலிருந்தே அரை டம்ளர் எடுத்துக் கமலிக்குக் கொடுத்தது நான். அவள் கோயில் படியில் உட்கார்ந்து, சிவந்த நாக்கை நீட்டி மூக்கு நுனியைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் இருந்தது ஒரே லொறி. அதைத்தான் தேராகச் சோடித்திருந்தார்கள். வாழை மரம் கட்டி, கடதாசிப் பூ ஒட்டி, அம்மனை ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. ஐயா கமலியைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறினார். அம்மன் இருக்க வேண்டிய இடத்தில் சம்மணம் போட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டார். நான் காலடியில் உட்கார்ந்தேன். லொறி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

வழியிலிருந்த லயத்து ஆட்களுக்கு இது எதுவும் தெரியாது. தேர் வருகிறது என்று கற்பூரத்தோடு ஓடி வந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். தேர் நிற்கவில்லை. அம்மன் இடத்தில் காக்கிக் கால்சட்டையைக் கண்டும் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஆத்தா இந்த வருசம் ரொம்ப அவசரமா போறா" என்று ஒரு அம்மாள் சொன்னது எனக்குக் கேட்டது.

ஐயா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "வயித்த விட்டாலும் இது கண்ண விடாது மாஸ்டர். புள்ளைய தூங்க விடாதீங்க." பிறகு பையிலிருந்து போத்தல்களை எடுத்துக் கமலி முன்னால் வைத்தார்.

"பாப்பா, எத்தனை போத்தல்?"

"மூணு."

ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி. "எத்தனை போத்தல்?"

"மூணு."

பாலத்தைத் தாண்டியதும், "இப்ப எத்தனை?"

"ரெண்டு."

எனக்கு உயிர் நின்றுவிட்டது. ஐயாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "நல்லாப் பாரு சாமி. எத்தனை?"

"ரெண்டுதாங்கய்யா. ஒண்ணு உருண்டு ஒங்க காலுக்கு அடியில போயிருச்சு."

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். மருந்து கொடுத்தார்கள். கண்ணில் பழுது வருமா என்று மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் காலை பஸ்ஸில் ஐயா வந்தார். டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு, கட்டிலின் கால்மாட்டில் போத்தல்களை வைப்பார். முதல் நாள் பக்கத்தில். இரண்டாம் நாள் ஜன்னல் ஓரத்தில். மூன்றாம் நாள் வார்டின் மறுகோடியில் போய் நின்று, இரண்டைக் கையில் பிடித்து, ஒன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எத்தனை?"

"ரெண்டு. ஒண்ண ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள் கமலி. பக்கத்துக் கட்டில் அம்மாள் கை தட்டினாள். கண்ணில் பழுதில்லை என்று டாக்டரும் அன்றே எழுதிக் கொடுத்தார்.

மாதிரி எடுக்காமல் கொட்டியதற்கு ஐயாவிடம் மேலிடம் விளக்கம் கேட்டிருந்தது. அவராகவே அறிக்கையில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்ட கேள்வி அது. நான் ஒருநாள் கூச்சத்தோடு கேட்டேன்: "கல்யாணப் பாயசத்துக்கே மூணு போத்தல் எடுத்தவரு. அன்னைக்கு ஏங்க எடுக்கல?"

"மூணு போத்தல் ரொப்பி, மூடி, அரக்கு உருக்கி, முத்திரை வைக்கக் கால் மணி நேரம் ஆகும் மாஸ்டர். வரிசையில மொத ஆளா நின்ன புள்ள டம்ளர நீட்டிக்கிட்டிருந்துச்சு" என்றார். பிறகு, ஏதோ களவைச் சொல்வதுபோல, "சர்வீஸ்ல மொத தடவ" என்றார்.

மறு வருடம் அவருக்கு வலப்பனைக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து, கமலியிடம் ஒரு போத்தலைக் கொடுத்தார். மூடி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்து, சீட்டில் அவள் பெயரும் எழுதியிருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே ஐயா?" என்றாள்.

"ஒண்ணும் ஊத்தலம்மா. அதான் முத்திரை வச்சிருக்கேன். மூணுல ஒண்ணு சம்பந்தப்பட்டவங்க கையில இருக்கணும். சட்டம்."

கமலி இப்போது பெரிய பெண். ஹட்டனில் படிக்கிறாள். அந்தப் போத்தல் எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது, திறக்க விடமாட்டாள். நான் அன்றிலிருந்து இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுகிறேன். ஐயாவைப் போலப் பேசிக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் காலையில் அவள் புத்தகப் பையோடு வாசலுக்கு வரும்போது ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்.

"எத்தனை போத்தல்?"

"ஒண்ணுப்பா. மிச்ச ரெண்டும் ஐயாகிட்ட இருக்கு" என்பாள், மாடத்தைப் பார்த்தபடி.

அதைக் கேட்ட பிறகுதான் அவளைப் பஸ் ஏற விடுவேன்.