மாமனாரின் மூன்று கெண்டைகள்

நான் மூன்று கொலை செய்தவன். மூன்றும் மாமனார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நடந்தவை.

அடி அண்ணாமலை கிராமத்தில் அவர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரே சிமென்ட் தொட்டிதான். ஏரியில் பிடித்த மூன்று கெண்டைகளை அதில் விட்டிருந்தார். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர், அவ்வளவுதான் அவர் சட்டம். அந்த மழைக்காலத்தில் தெருவில் நாலு வீட்டில் வாந்திபேதி. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி அங்கேதான் இருந்தாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நானும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீடு வீடாகப் பிளீச்சிங் பவுடர் கொடுத்து வந்த நர்ஸம்மா என்னிடமும் ஒரு பொட்டலம் தந்தார். "தொட்டிக்கு ஒரு ஸ்பூன் போதுங்க. வாளியில கரைச்சு, தெளிஞ்சத மட்டும் ஊத்துங்க. அரை மணி நேரம் கழிச்சு குடிங்க."

ஒரு ஸ்பூனா? எங்கள் உயிர் அவ்வளவு மலிவா? மாமனார் கழனிக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு கை அள்ளி அப்படியே கொட்டினேன். (வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை பார்க்கும் படித்த மாப்பிள்ளையாக்கும்!) மீன்களைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

அவர் திரும்பியபோது மூன்றும் வயிறு தெரிய மிதந்தன. தெருவே கூடிவிட்டது.

"மீனே செத்துப்போற தண்ணிய எம்பொண்ணு குடிக்கணுமா மாப்ள?"

"நாங்களும் பவுடர் போடமாட்டோம்பா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பயந்துபோனேன். இந்தத் தெருவே இனி பவுடரைத் தொடாது, என் மனைவியும் அந்த நோய்க்கு நடுவில்தான் இருப்பாள்.

"மீனுக்குத்தான் ஆகாது மாமா, மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது" என்று வீராப்பாக ஒரு சொம்பு மொண்டு குடித்தேன். அட கடவுளே! முதல் மடக்கிலேயே தொண்டை எரிந்தது. கண்ணில் தாரை தாரையாக நீர்.

மாமனார் பதறிவிட்டார். "அழாதீங்க மாப்ள. மீனு போனா போவுது, வேற புடிச்சிக்கலாம்" என்று முதுகைத் தடவினார். (நான் மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேம்பினேன்.)

ஓடிவந்த நர்ஸம்மா மோந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஜாஸ்தி போட்டா வயிறு கெடும், கம்மியா போட்டா கிருமி சாவாது. அளவு இருக்குதுங்க. மீனுக்கு வேற தொட்டி கட்டுங்க!"

தொட்டியைக் காலி செய்து, மறுபடி நிரப்பி, மாமனாரே ஒரு ஸ்பூன் அளந்து போட்டார். அவர் குடித்ததைப் பார்த்துத் தெருவும் போட்டது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அப்பாடா!

இப்போது அங்கே இரண்டு தொட்டி. "மீனுக்காக அழுத மனுஷன்" என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பெருமையாகச் சொல்கிறார். நானும் அடக்கமாகத் தலைகுனிந்துகொள்கிறேன். மகள்தான் ஏமாறுவதில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஓடுவாள்.

"தாத்தா, அப்பா வந்துட்டாரு! மீன் தொட்டிய மூடு!"