கருணாகரனுக்குப் போன முட்டை

நல்லையா கார்க் கதவைத் திறந்தான். அது திறக்கவில்லை, கழன்று கையோடு வந்தது.

"அதைத் தூரப் போட்டுறாதீங்க, கோழிக்கூட்டுக்குக் கதவு இல்ல," என்றாள் பொன்னம்மா, அடுப்படியிலிருந்தபடியே.

அவன் கதவைக் காரின் கூரைமேல் சாய்த்து வைத்தான். கூரை பொத்தென்று உள்வாங்கியது.

அது தோட்டத்துத் துரையின் பழைய கார். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை புதுக் காரில் குடும்பத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடினார். டிரைவர் நல்லையா பழையதைத் தன் ஊரான காஜா பெராங்குக்கு ஓட்டி வந்து, வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் ஒளித்து வைத்தான். ஒளித்த இடம் ஒழுகும் இடம். ஒன்றரை வருஷ மழையில் துரு தின்றதுபோக மிச்சம்தான் இப்போது நின்றது.

"பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஒரு மண்வெட்டி வாங்குங்க. கிழங்காச்சும் நடலாம்."

நல்லையாவும் அப்படித்தான் நினைத்திருந்தான், எதிர்வீட்டில் சோறு வேகும்வரை.

ஓடுகிற வண்டியோடு வரும் டிரைவருக்கு அரிசி, சீனி, கையில் கட்ட அதிகாரப் பட்டை என்று ஜப்பான்காரன் தமுக்கடித்திருந்தான். எதிர்வீட்டுச் சேதுராமன் தன் வாடகைக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். மறுநாளே வாசலில் ஒரு மூட்டை அரிசி இறங்கியது. தெருவே மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு உப்பிக் கிடக்க, அவன் வீட்டில் மட்டும் கஞ்சி வடித்தார்கள். அந்த வாசனை நல்லையாவின் மூக்கில் ஏறி, நெஞ்சில் இறங்கி, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது.

"சயாமுல ரயில்பாதை வேலை, மச்சான். போயிட்டு ஓடியாந்துர்றேன்," என்று சேதுராமன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அந்த ஹாரனைத்தான் நல்லையாவால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

"காரைச் சரி பண்ணப் போறேன்," என்றான்.

பொன்னம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "சேதுராமன் அண்ணன் போயி மாசக்கணக்காச்சு. ஒரு சேதி உண்டா? அவரு பொண்டாட்டி சீதா ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

"சோத்தைக் கண்டவன் வீட்டை மறந்துட்டான். உனக்கென்ன அவன்மேல அம்புட்டு அக்கறை?"

பொன்னம்மா அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்கவில்லை. காலையில் திறந்தாள்.

"சரி, செய்யுங்க. ஆனா மெக்கானிக் கருணாகரன்தான் செய்யணும்."

"அவனை உனக்கு எப்படித் தெரியும்?"

"முகைதீன் பாய் லாரியை அவருதான் பாக்குறாரு. பாய் சம்சாரம் பீவி சொன்னா, நல்ல கையாம்."

நல்லையாவுக்கு இன்னொரு பக்கமும் எரிந்தது. மூன்றாம் வீட்டு மளிகைக்கடை முகைதீனும் அரிசி மூட்டைக்கு அலைகிறானா? அவன் லாரிக்கு முன்னால் தன் கார் கிளம்பியாக வேண்டும்.

கருணாகரன் வந்தான். சுருட்டை முடி. ஊரில் தாளிக்க எண்ணெய் இல்லை. அவன் தலையில் வழிந்தது.

"ஜமாய்ச்சிரலாம், அண்ணே," என்றான் நல்லையாவிடம். "கொஞ்சம் தண்ணி குடுங்க, அக்கா," என்றான் பொன்னம்மாவிடம்.

நல்லையா அங்கேயே கணக்குப் போட்டான். நான் அண்ணன் என்றால் அவள் அண்ணி. அவள் அக்கா என்றால் நான் மச்சான். இரண்டுமில்லாமல் இவன் என்ன முறை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நுழைகிறான்?

தண்ணீர் கேட்டவனுக்கு அவித்த முட்டை வந்தது. கட்டின புருஷன் முட்டையைக் கண்ணால் பார்த்தே வெகுகாலம்.

"எனக்கு?"

"வேலை செய்யிறவருக்குத் தெம்பு வேணாமா?"

கருணாகரன் தெம்பாகவே வேலை செய்தான். பெட்ரோல் டாங்கியின் துருவைச் சுரண்டினான், ஓட்டை விழுந்தது. ஓட்டையை ரப்பர் பால் ஊற்றி அடைத்தான். பால் குழாய்க்குள் ஓடி உறைந்தது. குழாயைப் பிடித்து இழுத்தான். கார்புரேட்டர் கூடவே வந்தது. சுத்தம் பண்ண எடுத்துப்போன கார்புரேட்டர் பாதியாகத் திரும்பி வந்தது. "இஞ்சின் காயணும்," என்று மூடியைக் கழற்றி வைத்தான். அன்றைக்குப் பார்த்து மழை பிளந்து கட்டியது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. முன்பு துருப்பிடித்த காராக இருந்தது. இப்போது தென்னங்கட்டைமேல் உட்கார்ந்திருக்கும் வெறும் துருவாக இருந்தது.

நல்லையா இனி இவனை நம்புவதில்லை என்று தானே களத்தில் இறங்கினான். கம்பியால் குத்திக் குழாயைத் திறந்தான். பிளக்கைத் தேய்த்தான். டிரைவர் ஆகுமுன் தோட்டத்தில் முதுகொடிய வேலை பார்த்த உடம்பு. பொழுதெல்லாம் குனிந்து கிடந்தான். கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் இஞ்சின் ஒரே ஒரு தடவை இருமியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கருணாகரனுக்கு முகம் வெளுத்தது.

"யாரு கை வச்சது? ஐயையோ, அக்கா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஓடியே இருக்கும்!"

பொன்னம்மா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

ஓடியிருந்தால் உனக்கென்னடா நட்டம்? நல்லையாவுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கார் ஓடினால் இவனுக்கு இந்த வீட்டில் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் முட்டை இல்லை, அக்கா இல்லை. இதற்கு அவளும் உடந்தை.

மறுநாள் வெளியே போவதுபோலப் போய், கோழிக்கூட்டுக்குப் பின்னால் பதுங்கினான். கார்க் கதவு கூட்டில் பொருத்தமாகவே மாட்டியிருந்தது. கருணாகரன் இஞ்சினிலிருந்து எதையோ கழற்றிப் பொன்னம்மாவிடம் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்தவளில்லை. பிறகு கூட்டுக்கு வந்து, முட்டையிடும் கோழியையே பிடித்து அவன் கையில் கொடுத்தாள்.

முட்டைவரை பொறுத்த மனம் கோழியில் உடைந்தது. ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நல்லையா பாய்ந்தான்.

"டேய்! என் பொண்டாட்டி உனக்கு எதுக்குடா கோழி குடுக்கணும்?"

"அண்ணே, நீங்க நினைக்கிற மாதிரி..."

"அண்ணேன்னு சொன்னே, மண்டை உடைஞ்சிரும்! நீ சொல்லுடி, என்ன நடக்குது இந்த வீட்டுல?"

பொன்னம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஸ்பேனர் உயர்ந்தது. அப்போது வேலி மறைப்பைத் தள்ளிக்கொண்டு, முக்காடு நழுவ, இடுப்பில் ஒரு சேவலை இடுக்கியபடி பீவி ஓடிவந்தாள். நல்லையா நிற்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"கருணாகரன் தம்பி, குடி கெட்டுச்சு! எங்க வூட்டுக்காரவுக எதையோ முடுக்கி லாரி ஓட ஆரம்பிச்சிருச்சு, மனுசன் சயாமுக்குச் சட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. இந்தா சேவலைப் பிடி, சீக்கிரம் வந்து பழையபடி கெடுத்துவிட்டுட்டுப் போப்பா!"